தொண்ணூறு கிலோ அண்ணன்

கடல் தாண்டி ஈப்போவுக்கு வந்த புதிதில் என்னைத் திடுக்கிட வைத்தது, ஒரு நோயாளி எனக்கு வணக்கம் சொன்னதுதான். சிரிக்காதீர்கள். சென்னையில் மருத்துவக் குறியீட்டு வேலை பார்த்த காலமெல்லாம் நான் ஒரு நோயாளியைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. அமெரிக்க மருத்துவமனைகளின் குறிப்புகள் திரையில் வந்து நிற்கும். டாக்டர் எழுதியிருக்கும் நோய்க்கு உரிய எண்ணைப் போட்டு அனுப்புவேன். அந்த எண்ணைப் பார்த்துத்தான் காப்பீட்டுக்காரர்கள் பணம் கொடுப்பார்கள். ஒஹாயோவில் யாருக்கோ முழங்கால் வலி என்று தெரியும், அவருக்கு மீசை உண்டா என்று தெரியாது. கல்யாணமாகி இங்கே வந்து ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் அதே வேலையில் சேர்ந்தால், என் மேசையை ஒட்டியே பதிவறையின் ஜன்னல். அதில் தலையை நீட்டி, "வணக்கம் தங்கச்சி, என் பேப்பர் ரெடியா?" என்றார் ஒரு பெரிய மனிதர். எல்லாப் பக்கமும் பெரியவர். ஜன்னல் நிறைந்துபோயிற்று.

அவரைக் குணா அண்ணன் என்று வைத்துக்கொள்வோம். பெயர் மட்டும் மாற்றியது. மற்றதை எழுத, "எழுது லா, ஊருக்கே தெரிஞ்சதுதானே" என்று அவரே, இந்த ஊர்ப் பேச்சின் வாலான 'லா'வோடு, அனுமதி கொடுத்துவிட்டார். சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியதும் குடும்பத்தோடு ஈப்போவுக்கு வந்து, ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையின் ஆள் ஏற்றும் பஸ்ஸை ஓட்டினார். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் அவருக்கு. பகலெல்லாம் கண் சொக்கும். அதனால் கம்பெனி அவரை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கிட்டங்கியில் பெட்டி எண்ண உட்கார வைத்துவிட்டது. மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்கும் கருவி ஒன்று இருக்கிறது. அது கிடைத்தால் மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம். ஆனால் காப்பீட்டுக்காரர்கள் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். "பெட்டி எண்ணுறது ஒரு வேலையா? சூசா லா தங்கச்சி, ரொம்பக் கஷ்டம், உக்காந்தா தூக்கம்தான் வருது" என்றார்.

அவருடைய குறிப்பை எடுத்துப் பார்த்தேன். எடை தொண்ணூறு. போன வருகையிலும் தொண்ணூறு. அதற்கு முன்பும் தொண்ணூறு. அவர் உயரத்துக்கு அது கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். எடை ஏற ஏறக் கடுமையாகும் நோய் இது; இத்தனை கடுமைக்குத் தொண்ணூறு பொருந்தவில்லை என்று காப்பீட்டுக்காரர்கள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. நானோ ஆளை நேரில் பார்த்தவள். ஆனால் என் தொழிலில் கண்ணால் கண்டதற்கு மதிப்பில்லை. உடற்பருமன் என்று டாக்டர் எழுதாமல் அதற்குரிய எண்ணை நான் போடக்கூடாது. சந்தேகம் இருந்தால் கேள்வி அனுப்பலாம், அந்தக் கேள்விக்குள் பதிலைத் திணிக்கவும் கூடாது. ஆகவே யோசித்து யோசித்து ஒரே வரி எழுதினேன்: 'இந்த எடை அளந்ததா, கேட்டு எழுதியதா?'

கேள்வி டாக்டருக்குப் போனது. பதிலாகப் புஷ்பா அக்கா நேரில் வந்து நின்றார். கிளினிக்கின் மூத்த தாதி. அவரும் தோட்டத்தில் வளர்ந்தவர்தான்.

"என்னா, என்மேல ரிப்போட்டு பண்றியா? வந்து மூனு மாசம் ஆவல!"

"ஐயோ அக்கா, அப்படியில்லை. அளந்தீங்களான்னுதான்..."

"வயசான மனுசனைப் பாத்து தராசுல ஏறுன்னு எப்புடி சொல்றது? கேப்போம். சொல்வாங்க. எழுதுவோம். தோட்டத்துல தராசுல நிறுத்தது ரப்பர் பாலை மட்டும்தான். மனுசனை இல்ல, தெரியுமா?"

 இந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் "என்னா, குண்டாயிட்டே!" என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். பாசாரில் மீன் விற்பவர்கூடச் சொல்லியிருக்கிறார். அதே விஷயத்தைத் தாளில் எழுதச் சொன்னால் மரியாதை வந்து கையைப் பிடித்துக்கொள்கிறது. நான் படித்த அமெரிக்கக் குறிப்புகளில் எடை புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம்வரை இருக்கும். அங்கே அதை யாரிடமாவது முகத்துக்கு நேரே சொன்னால் சண்டைதான் என்று கேள்வி. என் ஊர் திருச்சி இரண்டிலும் சேராது. ரயில்வே ஜங்ஷனில் கலர் விளக்கு சுழலும் எடை மெஷின் ஒன்று இருந்தது. ரயில் தாமதமானால் குடும்பமே வரிசையில் நின்று, காசு போட்டு ஏறுவோம். அட்டையில் எடையும், அதன் பின்னால் ஜோசியமும் அச்சாகி விழும். சித்தப்பா தன் ஜோசியத்தை பிளாட்பாரத்துக்கே கேட்கும்படி படிப்பார்.

அந்த எடை மெஷின் கதையைச் சொன்னதும் அக்காவின் முகம் மாறியது. "காசு குடுத்தா ஏறுவீங்க? பைத்தியக்கார ஊருலா!" என்று சிரித்தார். அடுத்த வாரம் குணா அண்ணன் வந்தபோது, அக்கா என்னையும் கிளினிக்குக்குள் இழுத்துக்கொண்டு போனார். தராசு மூலையில் இருந்தது, அதன்மேல் கையுறைப் பெட்டிகள். அவற்றை இறக்கிவிட்டு, தானே முதலில் ஏறினார்.

"எண்பத்தி மூனு. பாத்தாச்சா எல்லாரும்? அடுத்து நீ ஏறு, திருச்சி."

ஏறினேன். "அம்பத்தொன்னு! ஒங்க வூட்ல சோறு இல்லையா?" என்றார் அக்கா. "அண்ணே, இப்ப ஒங்க டர்ன். நானே ஏறிட்டேன், ஒங்களுக்கு என்னா வெக்கம்?"

"மிசினு ஒடஞ்சா நான் கட்டணுமா?"

"ஒடயட்டும். புதுசு வாங்குவாங்க. ஏறுங்க, ஜோசியம் நான் சொல்றேன்."

அண்ணன் செருப்பைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்து, போன், பர்ஸ் எல்லாவற்றையும் எடுத்து என் கையில் கொடுத்தார். கோயிலுக்குள் நுழைவதுபோல ஏறினார். நூற்றுப் பதினெட்டு. யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப தொண்ணூறு?" என்றேன் மெதுவாக.

"அது கல்யாணத்தப்ப" என்றார். "கேக்கும்போதெல்லாம் அதான் வாயில வருது. பெருசா எழுதுனா பஸ்ஸை ஒரேயடியா புடுங்கிருவாங்கன்னு பயம் வேற."

"எழுதாததாலதான் அண்ணே பஸ் திரும்பக் கிடைக்கல."

"ஜோசியம் சொல்றேன் கேளுங்க," என்றார் புஷ்பா அக்கா, எண்ணை எழுதியபடியே. "வாகன யோகம் இருக்கு."

டாக்டர் அண்ணனிடம் அரை மணி நேரம் பேசினார். பிறகு உடற்பருமன் என்ற சொல்லைக் குறிப்பில் எழுதினார். நான் அதற்குரிய எண்ணைப் போட்டேன். சென்னையில் இதே எண்ணை எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். அதற்கு உரியவரின் சாவிக்கொத்தைக் கையில் வாங்கியது இதுதான் முதல் தடவை.

கருவி வந்தது. இரண்டு மாதம் கழித்து, கம்பெனியின் நீலச்சட்டையில் குணா அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டினார். வெளியே பஸ் நின்றது. கையில் ஒரு டுரியான் பழம். அதன் வாடைக்கு மருத்துவமனைக்குள் விடமாட்டார்கள் என்பதால் வாசலிலேயே வைத்து உடைத்தோம்.

"ஒரே ஒரு பிரச்சன தங்கச்சி. இப்ப நான் சத்தமில்லாம தூங்குறேன். பொண்டாட்டிக்குத்தான் தூக்கம் வரல. இருவது வருசமா கொறட்டைன்னு என்னைத் திட்டுனவ! டாக்டர்கிட்ட போட்டுக் காட்டறதுக்கு அதை போன்ல புடிச்சி வச்சிருந்தா. இப்ப அதைத் தலமாட்டுல மெதுவா பாட விட்டுட்டுத் தூங்குறா."

நானும் புஷ்பா அக்காவும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அண்ணன் பஸ்ஸில் ஏறிப் போனார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வாசலில் உட்கார்ந்து அம்மாவைப் போனில் கூப்பிட்டேன். திருச்சியில் எங்கள் வீடு பாலக்கரையில், பஸ் ஹாரன் ஓயாத தெருவில். அந்தச் சத்தத்தில் படிக்க முடியவில்லை என்று நான் போடாத சண்டை இல்லை. "அம்மா, போனைக் கொஞ்ச நேரம் ஜன்னல்ல வையேன்" என்றேன். ஏன் என்று கேட்காமல் வைத்தாள். ஹாரன், பூக்காரியின் குரல், எங்கோ ஒரு ஸ்கூட்டர் கிளம்ப மறுத்தது. இந்தப் பக்கம் தகரக் கூரையில் ஈப்போவின் மாலை மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. மழையில் தெரு சரியாகக் கேட்கவில்லை. "இரும்மா, உள்ள போயிடறேன்" என்று எழுந்தேன்.

"எங்க போற? அங்கயே இரு," என்றாள் அம்மா. "ஒன் மழையைக் கேட்டுக்கிட்டிருக்கேன்."