கோட்டுக்கு ஒரு டிக்கெட்

விமான நிலையத்துக்குப் போகும் சாலையில், பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் தையல் கடை வைத்திருப்பவளை எல்லோரும் பாக்கெட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் உள்பக்கம் முழுக்கப் பாக்கெட்டாக வைத்துத் தைத்துவிடுவாள். மலிவு விமானத்தில் கைப்பைக்குத்தான் தராசு; உடம்பில் போட்டிருப்பதற்குக் கிடையாது. அதனால் வீட்டு பீரோவையே உடுத்திக்கொண்டவர்கள் மாதிரி ஆட்கள் அவள் கடையிலிருந்து உப்பிக்கொண்டு கிளம்புவார்கள்.

"மலிவுன்னு கூப்பிடுவான். உள்ள போனா பைக்கு ஒரு காசு, ஜன்னலுக்கு ஒரு காசு, காலை நீட்டுனா ஒரு காசு. மூச்சு விடறதுக்கு மட்டும் இன்னும் கேக்கல, அதுவரைக்கும் புண்ணியம்!" என்று மெஷினை மிதித்தபடியே திட்டுவாள். அவள் வாய்க்குப் பயந்து பேரம் பேச வந்தவர்கள்கூடக் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவள் கணவர் விமான நிலையத்துக்குள் பஸ் ஓட்டியவர். பயணிகளை ஏற்றிக்கொண்டு போய் விமானத்தின் படிக்கட்டருகே இறக்கிவிட்டுத் திரும்புவது வேலை. காலமெல்லாம் படிக்கட்டு வரை போன மனிதர், ஒருநாளும் படியேறியதில்லை. கடல் தாண்டிக் கட்டிக்கொடுத்த ஒரே மகளைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று போனில் டிக்கெட் விலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பார்க்கப் பார்க்க அது ஏறும். "அடுத்த மாசம் இறங்கும், அப்பப் போலாங்க" என்பாள் இவள். விலை இறங்கவே இல்லை. ஒரு மதியம் அவர் விமானத்தருகே பஸ்ஸை நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு, அப்படியே ஸ்டியரிங்கில் சாய்ந்தார். பயணிகள் எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து மகளிடமிருந்து போன் வந்தது. இதயத்தில் ஆபரேஷன், நாளைக் காலையிலேயே செய்தாக வேண்டுமாம். "பயமா இருக்கும்மா. நீ வந்துடு" என்று அழுதாள். பாக்கெட்டக்கா இன்றே கிளம்பும் விமானத்தின் விலையைப் பார்த்தாள். விமானக்காரனின் வம்சத்தையே திட்டிக்கொண்டு பணத்தைக் கட்டினாள். பிறகு கணவரின் கனத்த யூனிஃபார்ம் கோட்டை எடுத்து உள்ளே பாக்கெட் வைத்துத் தைத்தாள். மகளுக்கான ஸ்வெட்டரையும் கம்பளிச் சால்வையையும் அதில் திணித்து மாட்டிக்கொண்டாள். ஊருக்கெல்லாம் தைத்தவள் தனக்கென்று தைத்தது அது ஒன்றுதான்.

விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னையிலேர்ந்து கோட்டையும் கழட்டித் தராசுல வைக்கணும்மா."

"அடப்பாவிகளா, அதுக்கும் வந்துட்டீங்களா?" என்று முனகியபடி வைத்தாள்.

எண்கள் ஓடி நின்றன. அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். "உள்ள என்னம்மா வச்சிருக்கீங்க? ஒரு ஆளோட எடை காட்டுது."

ஸ்வெட்டர் வெளியே வந்தது, சால்வை வந்தது. எண் அசையவில்லை. தைத்தவளுக்கே மறந்துபோன பாக்கெட் ஏதாவது இருக்குமோ என்று உள்துணி முழுக்கத் தடவினாள். ஒன்றும் இல்லை. ஆனால் துணி வெதுவெதுப்பாக இருந்தது. அந்தப் பெண் தன் கைப்பையை வைத்துச் சோதித்தாள். தராசு சரியாகத்தான் இருந்தது. பக்கத்துத் தராசில் கோட்டை வைத்தார்கள். அதே எடை. கோட்டின் முதுகு லேசாக மேடிட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. டிரைவர் சீட்டில் அவர் உட்காருவது அப்படித்தான்.

"சிஸ்டம் இதை லக்கேஜா எடுக்க மாட்டேங்குதும்மா, பயணின்னு கேக்குது. ஒண்ணு இன்னொரு டிக்கெட் போடணும், இல்ல இங்கயே விட்டுட்டுப் போகணும்" என்றாள் அந்தப் பெண். குரல் இறங்கிப் போயிருந்தது.

திரும்பி வருவதற்கென்று வைத்திருந்த பணம் பர்ஸில் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக பாக்கெட்டக்கா வாய் திறக்காமல் பர்ஸைத் திறந்தாள். உயிரோடு இருந்தபோது எடுத்துக் கொடுக்காத டிக்கெட். இன்றாவது படியேறட்டும் மனிதர். கண் நிறைந்துவிட்டது.

பணத்தை நீட்டிய கை பாதியில் நின்றது. இத்தனை நாள் பீரோவில் சும்மா கிடந்தவர், மகள்மேல் கத்தி வைக்கப்போகும் நேரம் பார்த்து எதற்காகக் கிளம்புகிறார்?

காலர் பக்கமாகக் குனிந்தாள். "ஏங்க, புள்ளையைப் பாக்க வரீங்களா, கூட்டிட்டுப் போக வரீங்களா? எனக்குத் தெரியல. தெரியாம நான் டிக்கெட் எடுக்க மாட்டேன். கோவிச்சுக்காதீங்க. இறங்கிடுங்க."

பிறகு கோட்டின் முதுகு மெதுவாகத் தணிந்தது. எண்கள் ஒவ்வொன்றாக, கம்பியைப் பிடித்துப் பிடித்து பஸ்ஸிலிருந்து இறங்கும் வயதானவர் போல, நின்று நின்று குறைந்தன. கவுண்டர் பெண் எதுவும் கேட்காமல் போர்டிங் பாஸை நீட்டினாள்.

விமானம் வரை கொண்டுபோய் விடும் பஸ்ஸில் பாக்கெட்டக்கா கடைசியில் போய் நின்றுகொண்டாள். டிரைவர் சீட்டின் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. துரத்திவிட்டோமே என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மகளை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகவிருந்தார்கள். நெற்றியைத் தடவிக் கொடுக்க மட்டும் நேரம் இருந்தது.

ஆபரேஷன் இழுத்துக்கொண்டே போனது. நடுவில் ஒரு நர்ஸ் ஓடினாள், இன்னொரு டாக்டர் ஓடினார். பாக்கெட்டக்கா கோட்டை மடியில் வைத்து அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அது வெறும் துணியின் கனம்தான் கனத்தது.

மறுநாள்தான் மகள் கண் விழித்தாள். உதடு வறண்டிருந்தது. நாற்காலியில் தொங்கிய கோட்டையே பார்த்தாள்.

"அப்பா வந்தாரும்மா."

பாக்கெட்டக்கா கட்டிலருகே குனிந்தாள்.

"பஸ் எடுத்துட்டு வந்திருந்தாரு. உள்ள யாருமே இல்ல. எனக்கு ஒரே குளிரு, நான் ஓடிப்போய்க் கதவைத் தட்டுறேன், தட்டுறேன்... திறக்கவே மாட்டேன்னுட்டாரு. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து சிரிக்கிறாரு."

"ஏதாவது சொன்னாரா?"

"'உங்கம்மா டிக்கெட் எடுக்கல, போ'ன்னாரு."