துப்பாக்கிக்கு ஒரு வில்லை

கன்னியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதை அவள் படிக்கப் போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறாயா என்று யாராவது கேட்டால், ஆமாம், அப்படித்தான். கோழைக்கு வேறு எந்தத் தைரியம் வரும்?

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, ரயில் பாதையை ஒட்டி ஓர் இரும்பு உருக்கும் பட்டறை. அதன் பெயர் வேண்டாம். நான் அங்கே டைப்பிஸ்ட். எனக்குச் சொந்த ஊர் திருவள்ளூர், அப்பா கோயில் மடைப்பள்ளியில் கைங்கர்யம். என் பெயர் எம்பார். பட்டறையில் மட்டும் எல்லோருக்கும் நான் 'ஐயரே'. நான் ஐயர் இல்லை, ஐயங்கார் என்று முதல் வாரமே திருத்தினேன். "ரெண்டு பேரும் உக்காந்துகினு தான துன்றீங்க" என்றாள் கன்னியம்மா. சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து அவளைப் பார்த்தால் கொஞ்சம் பயம்தான்.

அவள் பெரியகரை என்கிற குக்கிராமத்துக்காரி. பட்டறைக்கு வேலி போடும்வரை அந்த நிலத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள். அறுபத்தேழில் வேலி வந்தது, நடவு போயிற்று, முப்பது வயதில் தலையில் சும்மாடு கட்டிக்கொண்டு பழைய இரும்பு சுமக்க வந்தாள். இடது கைக்காரி. நடவு வரிசையில் பக்கத்து ஆள் மேல் இடிக்கிறாள் என்று எப்போதும் ஓரத்தில்தான் நிறுத்துவார்களாம். பட்டறையில் அவளை யாராலும் ஓரத்தில் நிறுத்த முடியவில்லை. குடிதண்ணீர்ப் பானை காலியாக இருந்தால் மேஸ்திரியின் பரம்பரையையே இழுப்பாள். அவள் புருஷன் தணிகாசலம் நேர் எதிர். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷன். பெரியகரை ஏரியின் உள்வாயில், தண்ணீர் வற்றிய பிறகு, நாலைந்து குடும்பங்களோடு சேர்ந்து நெல் போடுவான்.

எழுபத்தொன்றில் பட்டறைக்குத் துப்பாக்கிகள் வர ஆரம்பித்தன. உலகப் போருக்காகச் செய்த ரைபிள்கள். இங்கிலாந்து முத்திரை போட்டவை, ஆஸ்திரேலியா முத்திரை போட்டவை என்று எல்லாம் கலந்து, இனிமேல் உதவாது என்று ஏதோ ஒரு கிடங்கிலிருந்து கழித்துக்கட்டி வேகனில் அனுப்பினார்கள். அந்தச் சமயம் ஜெனீவாவில் நாடுகளெல்லாம் கூடி உட்கார்ந்து ஆயுதத்தைக் குறைப்பது எப்படி என்று பேசிக்கொண்டிருந்தன. பேப்பரில் படிப்பேன். பேச்செல்லாம் ஊரையே அழிக்கிற பெரிய குண்டுகளைப் பற்றித்தான். தோளில் மாட்டுகிற துப்பாக்கியைப் பற்றி அந்தப் பெரிய மனுஷர்கள் பேசியதாக நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. அதனால் செத்தவர்கள்தான் எங்கேயும் அதிகம், ஆனால் அவர்களுக்காக யார் ஜெனீவாவுக்குப் போவது?

சட்டம் என்னவோ ஒழுங்காகத்தான் இருந்தது. ஒவ்வொரு ரைபிளையும் கிடங்கு ஆபீசர் கண் முன்னால் கேஸ் நெருப்பு வைத்து மூன்று துண்டாக வெட்ட வேண்டும். அன்றைக்கே உலையில் போட வேண்டும். 'என் கண்ணால் பார்த்தேன்' என்று ஆபீசர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சான்றிதழை டைப் அடிப்பது என் வேலை.

வெட்டுவதற்கு முன்னால் இரண்டு வேலை பெண்களுடையது. ரைபிளின் அடிக்கட்டையில் ஒரு பித்தளை வில்லை திருகியிருக்கும், நாலணா அகலத்துக்கு. அதை முதலில் கழற்ற வேண்டும். பிறகு இரும்பிலிருந்து கட்டையைப் பிரிக்க வேண்டும். பித்தளை முதலாளிக்கு, கட்டை பெண்களுக்கு. அது ஆரம்பத்திலேயே பேசி வைத்த வழக்கம். எண்ணெய் ஊறின கட்டை, ஈரத்திலும் பற்றிக்கொள்ளும். பெரியகரையில் இரண்டு வருஷம் எல்லா அடுப்பிலும் துப்பாக்கிக் கட்டைதான் எரிந்தது.

முதல் வேகன் வந்த அன்று ஆபீசர் உலைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சித்திரை மாதம். முக்கால் மணி நேரத்தில் சட்டை நனைந்து, என் அறையில் மின்விசிறிக்குக் கீழே வந்து விழுந்தார். வெளியே போகாமல் எப்படி எண்ணுவது என்று முதலாளி தலையைச் சொறிந்தார். அப்போதுதான் நான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். கோயில் விருந்தில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று அப்பா ஆளை எண்ணமாட்டார், எச்சில் இலையை எண்ணுவார். ஆளுக்கு ஓர் இலை, கணக்குத் தப்பாது. அதே மாதிரி துப்பாக்கிக்கு ஒரு வில்லை. வில்லைகளைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தால் ஆபீசர் இங்கேயே எண்ணிக்கொள்ளலாம் என்றேன். ஆபீசருக்கு என்ன சந்தோஷம்! என் முதுகில் தட்டினார். சாப்பிடாமல் எவனும் இலையை எச்சில் பண்ணமாட்டான், ஆனால் வெட்டாத துப்பாக்கியிலிருந்தும் வில்லையைக் கழற்றலாம் என்பது என் மடைப்பள்ளி மூளைக்கு உறைக்கவில்லை.

முதலாளிக்கு மறு வேகனிலேயே உறைத்துவிட்டது. காலையிலேயே எல்லா ரைபிள்களிலும் வில்லையைக் கழற்றச் சொல்வார். மதியச் சங்கு ஊதி, பெண்கள் மரத்தடியில் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கிற நேரத்தில் பின்கேட் வழியாக ஒரு வேன் போகும். என் ஜன்னலிலிருந்து தெரியும். என்ன போகிறது என்று நான் கேட்டதில்லை. தெரியாததாலா? தெரிந்ததால்தான்.

சத்தம் போட்டவள் கன்னியம்மா ஒருத்திதான். அதுவும் விறகுக்காக. வில்லை நூறு கழற்றினால் கட்டை எழுபதுதான் பங்குக்கு வருகிறது, மீதியை எவன் அடுப்பில் வைக்கிறான் என்று என் அறை வாசலில் வந்து நின்று கத்தினாள். துப்பாக்கி போகிறது என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. யாரோ விறகைத் திருடுகிறார்கள் என்றுதான் நினைத்தாள். முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு எடுத்தார்கள் என்று ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பினேன். அது என் முதல் பொய்.

எழுபத்துமூன்று தை. ஏரி உள்வாயில் அறுவடை. அந்த மண் தன்னுடையது என்று பக்கத்துப் பண்ணைக்காரர் ஆள் அனுப்பினார். இவர்கள் அரிவாளோடு வரப்பில் நின்றார்கள், நெல்லை விடமாட்டோம் என்றார்கள். பண்ணை ஆள் ஒருவன் துப்பாக்கியைத் தூக்கிச் சுட்டான். தணிகாசலத்துக்கு வலது முழங்கால் சிதறிப்போயிற்று.

கஞ்சி கொண்டுவந்த கன்னியம்மா அதைக் கண்ணால் பார்த்தாள். ஓடிப்போய்த் துப்பாக்கியின் அடிக்கட்டையைப் பிடித்துத் தொங்கினாள். அவன் உதறித் தள்ளுவதற்குள் அவள் பார்த்துவிட்டாள். கட்டையில் வில்லை இருந்த இடத்தில் வட்டமாக ஒரு குழி. குழிக்கு இடது பக்கத்தில் மரத்தில் ஒரு கீறல். துருப்பிடித்த திருகை உளியால் நெம்பும்போது கை வழுக்கி மரத்தில் கீறுவது வழக்கம். மற்ற பெண்களுக்கெல்லாம் கீறல் வலப்பக்கம் விழும். இடப்பக்கம் விழுவது ஒரே ஒருத்திக்குத்தான்.

போலீஸ் வந்தபோது அந்த ரைபிள் அங்கே இல்லை. பண்ணைக்காரர் லைசென்ஸ் உள்ள இரட்டைக் குழல் துப்பாக்கியைக் காட்டினார், அதனால் ஆகாயத்தைப் பார்த்துத்தான் சுட்டோம் என்றார். அப்படியானால் காலில் பட்டது? கூலிக்காரர்கள் நாட்டுத் துப்பாக்கியோடு கலகம் பண்ண வந்தார்கள், அது அவர்கள் கையிலேயே வெடித்தது என்று வழக்கு எழுதினார்கள். முதல் குற்றவாளி தணிகாசலம். முழங்கால் இல்லாதவன் குற்றவாளி, சுட்டவன் சாட்சி.

தணிகாசலம் ஜெயிலுக்குப் போகாமல் இருக்க ஒரே வழிதான் இருந்தது. அங்கே ரைபிள் ஒன்று இருந்தது, அது எங்கள் பட்டறையிலிருந்து வந்தது என்று கோர்ட்டு நம்ப வேண்டும். கன்னியம்மா வில்லையையும் கீறலையும் சொல்லத்தான் சொன்னாள். பெண்டாட்டி வேறு எப்படிச் சொல்வாள் என்று தள்ளிவிட்டார்கள். எல்லா ரைபிள்களும் ஆபீசர் கண் முன்னால் மூன்று துண்டாகி உலைக்குள் போய்விட்டன என்று என் சான்றிதழ் சொல்கிறதே. காகிதத்தின்படி அந்தத் துப்பாக்கி உலகத்திலேயே இல்லை. தணிகாசலத்தின் வக்கீல் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

சாட்சிக்கு முதல் நாள் சாயங்காலம் கன்னியம்மா என் வாடகை அறைக்கு வந்தாள். வாசல்படியில் ஏறவில்லை, தெருவிலேயே நின்றாள். அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"நீ எங்களுக்காவ ஒண்ணும் ஜோடிச்சிச் சொல்ல வேணாம் ஐயரே. வில்லைய எண்ணுனோம், துப்பாக்கிய எண்ணல. அத்த மட்டும் சொல்லு. எங்க ஊட்டுக்காரரு காலு போச்சி, போவட்டும். ஆளையாவது எனக்கு வுடச் சொல்லு."

சொல்கிறேன் என்றேன். நிஜமாகவே சொல்லத்தான் நினைத்தேன். அவள் போன அரை மணியில் முதலாளி கார் வந்தது. மிரட்டவில்லை. என் மகள் வைதேஹிக்கு வரன் அமைந்துவிட்டதா என்று விசாரித்தார். சான்றிதழில் தப்பு என்றால் டைப் அடித்தவன் பெயரும்தானே வரும் என்று வருத்தப்பட்டார். அவ்வளவுதான். என்னை வாங்க அவ்வளவே போதுமாக இருந்தது.

மறுநாள் கூண்டில் ஏறினேன். ஒவ்வொரு ரைபிளும் வெட்டப்பட்டதை ஆபீசர் நேரில் பார்த்தாரா என்று அவர்கள் வக்கீல் கேட்டார். பார்த்தார் என்றேன். வில்லைகளை மட்டும் எண்ணினீர்களா? இல்லை என்றேன். நெற்றியில் திருமண்ணோடு போயிருந்தேன். ஐயங்கார் பொய் சொல்லமாட்டார் என்று அந்த அறையில் எத்தனை பேர் நினைத்தார்களோ, அவர்களுக்கும் சேர்த்துத்தான் துரோகம் பண்ணினேன். கன்னியம்மா அழவில்லை, மண் வாரித் தூற்றவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தணிகாசலத்துக்கு ஒரு வருஷம் கடுங்காவல். ஒற்றைக் காலில் என்ன கடுங்காவலோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

நாலாம் நாள் அவள் வேலைக்கு வந்தாள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. அடுத்த வாரமே ஒரு வேகன் துப்பாக்கி இறங்கியது. ஆபீசர் வந்தார், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார், மோர் குடித்தார். பதினோரு மணி ஆகியும் வில்லைத் தட்டு வரவில்லை. மேஸ்திரி போனான், கெட்ட வார்த்தை வாங்கிக்கொண்டு திரும்பினான். முதலாளி போனார். கடைசியில் ஆபீசரே எழுந்து வாசலுக்கு வந்தார். நான் பின்னாலேயே வந்தேன்.

கொளுத்துகிற வெயிலில் துப்பாக்கிக் குவியலின் மேல் கன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். சுற்றி மற்ற பெண்கள். அவர்களில் சாராள் என்கிறவள் மட்டும் கைக்குழந்தையோடு நின்றாள். ஒரு வில்லைகூடக் கழற்றப்படவில்லை. எழுந்திரு என்று ஆபீசர் அதட்டினார். அவள் அசையவில்லை.

"எறங்கி வா சாமி. வந்து இங்க நில்லு. ஒவ்வொண்ணா வெட்டச் சொல்லு, உன் கண்ணால பாரு. எம் புருசன் காலுக்கு நாந்தான் வில்லை கழட்டிக் குடுத்துகீறேன். இனிமே உன் தட்டுல ஒண்ணு கூட வுழாது."

ஆபீசர் முதலாளியைப் பார்த்தார், முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அதற்குள் உலை ஆட்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். இத்தனை பேர் எதிரில் அறைக்குத் திரும்பிப் போக அந்த மனுஷனுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். இறங்கிப் போனார். அன்றைக்கு இருநூற்றுப் பத்து ரைபிள்களும் வெட்டப்பட்டன. ஒவ்வொன்றும் மூன்று துண்டு. ஆபீசரின் காலணி வெந்து போகிற வரைக்கும் அவரை நிற்க வைத்துவிட்டாள். மதியச் சங்கு ஊதியது, ஒருத்தியும் சாப்பிடப் போகவில்லை. பின்கேட் திறக்கவில்லை. என் வேலையில் நான் ஒழுங்காக அடித்த சான்றிதழ் அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் அவளை வேலையிலிருந்து நீக்கும் கடிதம். அதையும் நான்தான் அடித்தேன். வேறு யார் அடிப்பது? மேஸ்திரி அதைக் கொண்டுபோய் அவள் கையில் திணித்திருக்கிறான். அவள் நேராக என் அறைக்கு வந்தாள். கோர்ட்டுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"இதுல இன்னா எழுதிகீது? படி."

இங்கிலீஷில் இருந்தது. மேலதிகாரிக்கு மரியாதை கொடுக்கவில்லை, அதனால் வேலை இல்லை என்று எழுதியிருக்கிறது என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னாள். மறுபடி சொன்னேன்.

"அவ்வளவு தானா? பொய் ஒண்ணும் சேக்கலயே?"

இல்லை என்றேன்.

"மரியாதை குடுக்கல. அது நெசம் தான். அப்ப குடு" என்று கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள்.

ஜெயிலில் மனு போட்டுப் புருஷனைப் பார்க்கப் போனபோது அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், இதில் பொய் ஒன்றும் இல்லை என்று அவனுக்குக் காட்டினாளாம். கம்பிக்கு அந்தப் பக்கம் அவனும் படிக்கத் தெரியாதவன். இரண்டு பேரும் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். கூடப் போன சாராள் சொன்னாள்.