ஏசிக்காரன் மூக்கு

யாராவது வாசலில் நின்று ஷூவுக்கு மேல் நீல பிளாஸ்டிக் உறை மாட்டுவதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அந்த உறையைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். ஏமாந்தேன் என்று சொல்வதுகூட என்னை நானே தப்பிக்க விடுகிற பேச்சு. பல்லை இளித்துக்கொண்டு நின்றேன், அதுதான் சரி.

டல்லாஸுக்கு வடக்கே நாங்கள் முதல் வீடு வாங்கின வருஷம். என் கணவருக்கு, இரண்டாயிரம் பிறப்பதற்குள் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்கிற ஒய்டூகே வேலை தலைக்கு மேல் இருந்தது, வீட்டு விஷயம் எல்லாம் என் பொறுப்பு. எனக்கு ஆறாவது மாசம். வீடு பழையது, மாடி வீடு. கீழே சமையலறையை ஒட்டி ஒரு சின்ன அறை இருந்தது. அதைப் பிறக்கப்போகிற குழந்தைக்கு என்று மஞ்சள் பெயின்ட் அடித்து வைத்திருந்தோம். வீடு முழுக்கக் குளிரும், அந்த அறை மட்டும் வேகும். டெக்சாஸ் வெயிலைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு தமிழ் ஆன்ட்டி இருந்தார். "எங்க வீட்டு ஏசிய ஒரு வயசான மெக்சிகன்தான் பார்ப்பார். நம்பர் தரட்டுமா?" என்று கேட்டார். நான் மூக்கைச் சுளித்தேன். கம்பெனி இருக்கா, லைசென்ஸ் இருக்கா, பேப்பர் தருவாரா என்று அடுக்கினேன். ஊரில் மிஸ்திரிகளிடம் பட்டதெல்லாம் போதும், அமெரிக்கா வந்தும் அரைகுறை ஆள் எதற்கு என்ற திமிர். எல்லோ பேஜஸைப் பிரித்து, இருப்பதிலேயே பெரிய விளம்பரம் கொடுத்தவனைக் கூப்பிட்டேன்.

ஒன்பது மணிக்கு வருகிறேன் என்றான், ஒன்பதுக்கு மணி அடித்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் அட்டை வைத்த பேப்பர், வாய்க்கு வாய் "மேம்." வாசலில் குனிந்து இரண்டு காலிலும் நீல உறையை மாட்டிக்கொண்டுதான் உள்ளேயே வந்தான். நான் அசந்துபோனேன். கூரைக்கு அடியில் இருக்கிற அட்டிக்கில் ஏறினான், அரை மணி நேரம் என்னவோ உருட்டினான், இறங்கி வந்தான். "குளிர் காத்து வர்ற குழாயைக் கொஞ்சம் திருப்பி வச்சிருக்கேன், மேம்" என்றான். அந்த அறையில் காற்று ஜிலுஜிலு என்று கொட்டியது. அன்றைக்கு நான் போன் பண்ணாத ஆள் பாக்கியில்லை. ஆன்ட்டியிடம் வேண்டுமென்றே இரண்டு தடவை சொன்னேன்.

ஏழாவது மாசம் அம்மா வந்தாள். ஈரோட்டில் மஞ்சள் மண்டிக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. அந்த வீட்டை விட்டுப் பத்து நாள் சேர்ந்தாற்போல் வெளியே தங்காதவள், என் பிரசவத்துக்காக மூன்று விமானம் மாறி வந்தாள். பெட்டியைத் திறந்தால் அவள் துணி கால்வாசி. மீதியெல்லாம் சுக்கு, ஓமம், திப்பிலி, கட்டிப் பெருங்காயம். பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் பத்தியம் சமைத்துப் போடுவது ஒன்றுதான் அவள் வந்த காரியம்.

பிரசவத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அந்த அறையில் நாற்றம் ஆரம்பித்தது. முதல் நாளே அம்மா வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"ஏங்கண்ணு, எலி செத்துக் கெடக்கறாப்பல இருக்குதே?"

நான் சிரித்தேன். "இது என்ன உன்ற மண்டியா? அமெரிக்கால ஏதும்மா எலி?"

அவளும் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நான் உடனே நீல உறைக்காரனைக் கூப்பிட்டேன்.

வந்தான். உறையை மாட்டினான். அந்த அறையில் ஒரு நிமிஷம் நின்றான். அப்புறம் நேராகச் சமையலறைக்கு நடந்து அடுப்பு முன்னால் நின்றான். அம்மா அப்போதுதான் ரசத்துக்குத் தாளித்து முடித்திருந்தாள். வீட்டுக்கு யாரோ வந்திருக்கிறார் என்று டம்ளரில் காபி ஆற்றி நீட்டினாள். அவன் உள்ளங்கையை நெஞ்சுக்கு நேரே தூக்கிக் காட்டி ஒரு அடி பின்னால் போனான். சிரித்துக்கொண்டுதான் போனான்.

"இது உங்க மசாலாதான், மேம். உங்க ஊர்க்காரங்க வீட்டுல எல்லாம் இதைப் பார்க்கிறோம். எண்ணெய், மசாலா எல்லாம் குழாய்க்குள்ள படிஞ்சிடும். மணம் போகாது."

அட்டிக்கில் ஏறவில்லை. ஏணியை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. அது என் கண்ணில் படவே இல்லை, பாருங்கள். என் மண்டையில் ஏறினது எல்லாம் "உங்க ஊர்க்காரங்க" மட்டும்தான். முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஆபீஸில் லிஃப்டில் ஏறும்போது என் கோட்டில் சாம்பார் வாசனை வருகிறதா என்று முகர்ந்து பார்க்கிற ஜென்மம் நான். அவனிடம் "சாரி" சொன்னேன்! என் வீட்டில், என் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு, வந்தவனிடம் நான் சாரி சொன்னேன். தூ!

குழாய்க்குள் ஏதோ எலுமிச்சை வாசனை மருந்து அடித்துவிட்டுப் போனான். அம்மா அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"என்ன கண்ணு சொல்லீட்டுப் போறாரு?"

"நீ தாளிக்கறதுதான் இந்த நாத்தமாம். பிள்ளைக்கு ஆகாதாம்."

பிள்ளைக்கு ஆகாது என்று அவன் சொல்லவே இல்லை. அது நானாகச் சேர்த்தது. வெட்கத்தில் வெந்துகொண்டிருந்தவளுக்கு யார் மேலாவது கொட்ட வேண்டியிருந்தது, பக்கத்தில் இருந்தது அம்மா. அவள் ரசச் சட்டியை ஒரு தரம் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "செரி கண்ணு" என்று அடுப்பை அணைத்தாள்.

மறுநாளே சமையல் கராஜுக்குப் போய்விட்டது. புல்வெட்டும் மிஷினுக்கும் பிரிக்காத அட்டைப்பெட்டிகளுக்கும் நடுவில் ஒரு மடக்கு மேஜை, அதன் மேல் கரண்ட் அடுப்பு. ஆகஸ்ட் மாசம். கராஜ் கதவைத் தூக்கினால் அனல், இறக்கினால் புழுக்கம். தூக்கி வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்ப்பார்கள் என்று நான் பாதிதான் தூக்க விட்டேன். அவள் முட்டி வரை வெளிச்சமும் அதற்கு மேல் இருட்டுமாக நின்று சமைத்தாள்.

என் கணவருக்கே பொறுக்கவில்லை. "அத்தை வெந்துபோயிடுவாங்க. இது என்ன அநியாயம்?" என்றார்.

"உங்க பிள்ளைக்கு ஏதாச்சும் ஆனா பரவால்லையா?" என்று கத்தினேன். பெரிய டாக்டர் மாதிரி.

பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அந்த மஞ்சள் அறையில் நானும் குழந்தையும். பூண்டுக் குழம்பு, சுக்குக் களி எல்லாம் கராஜிலிருந்து தட்டு போட்டு மூடி வந்தது. நன்றாக வழித்து வழித்துத் தின்றேன், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நாற்றம் போகவில்லை. வீட்டுக்குள் தாளித்து மூன்று வாரம் ஆகிறது, நாற்றம் ஏறிக்கொண்டேதான் இருந்தது. ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூட அப்போது சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. ஏசிக்காரன் சொல்லிவிட்டான் அல்லவா! கர்ட்டனை முகர்ந்தேன். கார்ப்பெட்டில் மண்டி போட்டு முகர்ந்தேன். கடைசியில், அம்மா குழந்தையைத் தூக்கக் குனிந்தபோது, அவள் முந்தானையை முகர்ந்தேன்.

"பிள்ளையத் தூக்கறதுக்கு முன்னால சேலைய மாத்திக்கம்மா."

எழுதும்போது கை கூசுகிறது. சொல்லும்போது நாக்குக் கூசவில்லை.

அம்மா குழந்தையைத் தொடாமல் நிமிர்ந்தாள். அன்றிலிருந்து ஒரு வெள்ளைப் பூப்போட்ட பருத்திச் சேலையைத் தனியாக எடுத்து என் அறை நாற்காலியில் மடித்து வைத்துக்கொண்டாள். குழந்தை அழும். கராஜிலிருந்து ஓடி வருவாள், பாத்ரூமுக்குள் போய்க் கைகால் முகமெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவுவாள், சேலையை மாற்றுவாள், அப்புறம் வந்து தூக்குவாள். அதற்குள் பாதி நேரம் குழந்தையின் அழுகை நின்றுவிடும். தூங்குகிற பேத்தியைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மறுபடி பழைய சேலைக்கு மாறிக்கொண்டு அடுப்புக்குப் போவாள். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. ஒரு நாளும் முகம் கோணவில்லை. கோணியிருந்தால் எனக்குப் புத்தி வந்திருக்குமோ என்னவோ.

குழந்தை பிறந்த நாலாவது வாரம் ஆன்ட்டி குழந்தையைப் பார்க்க வந்தார். அறைக்குள் இரண்டு அடி வைத்தார், முந்தானையால் மூக்கைப் பொத்தினார்.

"என்னம்மா இது! எலி செத்து நாறுது, இதுக்குள்ள பச்சப் பிள்ளைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கே?"

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா கராஜ் கதவருகே கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. கரண்டியைப் பார்த்தாள்.

ஆன்ட்டி என்னைக் கேட்காமலே அந்த மெக்சிகன் பெரியவருக்குப் போன் போட்டார். மத்தியானம் வந்தார். காலில் மண் அப்பின பூட்ஸ், உறையும் இல்லை ஒன்றும் இல்லை. என் கார்ப்பெட்டில் தடம் விழுந்தது. வாசலில் நின்று ஒரே மூச்சு இழுத்தார். ஏணியை எடுத்துக்கொண்டு வந்து அட்டிக்கில் ஏறினார். இறங்கி வந்து, அறைச் சுவரில் காற்று வருகிற கம்பித் தட்டைத் திருகிக் கழற்றினார். குப்பைப் பையைக் கையில் மாட்டிக்கொண்டு உள்ளே கையை விட்டார்.

சீ, அதை நான் முழுசாகச் சொல்லப் போவதில்லை. மூன்று எலிகள். ஒன்று இன்னும் எலியாக இருந்தது. மற்ற இரண்டும் ரோமமும் கசிவும் நெளிகிற புழுவுமாக இருந்தன. அவற்றின் மேல் பட்டு வந்த காற்றுதான் நாலு வாரமாக என் குழந்தையின் முகத்தில் ஜிலுஜிலு என்று கொட்டிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ச் சமையலறைத் தொட்டியில் வாந்தி எடுத்தேன். தின்ற பத்தியம் எல்லாம் வெளியே வந்தது.

பெரியவர் பொறுமையாகச் சொன்னார். மேலே குழாயைத் திருப்பி வைத்தவன் அதை திருகாணி போட்டு முடுக்கவில்லை, டேப்பைச் சுற்றிவிட்டுப் போயிருக்கிறான். அட்டிக் சூட்டில் டேப் உரிந்து வாய் திறந்துகொண்டது. குளிர்ச்சியைத் தேடி வந்த எலிகள் சுவருக்குள் இறங்குகிற தகரக் குழாயில் வழுக்கி விழுந்திருக்கின்றன, ஏற முடியாமல் செத்திருக்கின்றன. சொல்லிவிட்டு, என் கார்ப்பெட்டில் விழுந்த மண்ணை அவரே தன் தொப்பியால் கூட்டி எடுத்தார்.

நீல உறைக்காரனுக்குப் போன் பண்ணினேன். முழுசாகக் கேட்டான். அப்புறம் குரல் கொஞ்சமும் மாறாமல், "வைல்ட்லைஃபுக்கு எல்லாம் நாங்க பொறுப்பு ஆக முடியாது, மேம்" என்றான். வைல்ட்லைஃபாம்! புலியும் சிங்கமுமா வந்து விழுந்தது? வாயில் வந்ததை எல்லாம் தமிழிலும் இங்கிலீஷிலும் கொட்டி ரிசீவரை அடித்து வைத்தேன். கத்தக் கத்த எனக்கே தெரிந்தது, அதில் பாதிக்கு மேல் அவனுக்குச் சேர வேண்டியதில்லை என்று. அவன் என் அம்மாவைச் சேலை மாற்றச் சொல்லவில்லை.

கராஜுக்குப் போனேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எலிதாம்மா. மூணு எலி. உன் சமையல் இல்ல."

"தெரியுங்கண்ணு. மண்டிக்குப் பொறத்தால முப்பது வருசம் இருந்தவளுக்குச் செத்த எலி தெரியாதா?"

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். குரலில் துளி கோபம் இல்லை. நிஜமாகவே நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டாள் போல.

"சொன்னனே கண்ணு. மொத நாளே சொன்னனே."

நான் அழுதேன், மன்னிப்புக் கேட்டேன். கரண்ட் அடுப்பை நானே தூக்கிப் போய்க் குப்பையில் போட்டேன். அம்மா சமையலறைக்குத் திரும்பி வந்தாள். வீடு முழுக்கப் பெருங்காயம் மணக்க மணக்கச் சமைத்தாள். நானும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். பூப்போட்ட சேலை நாற்காலியிலேயே கிடந்தது. அவள் அதை இன்னும் மாற்றிக்கொண்டுதான் குழந்தையைத் தூக்குகிறாளா என்று நான் கவனித்துப் பார்க்கவில்லை.

அக்டோபரில் ஊருக்குக் கிளம்பினாள். அப்போதெல்லாம் விமானம் ஏறுகிற கதவு வரைக்கும் கூடவே போகலாம். காலையில் நாலு மணிக்கே எழுந்து, எங்களுக்கு ஒரு மாசத்துக்கு வருகிற மாதிரி புளிக்காய்ச்சல் காய்ச்சி பாட்டிலில் நிரப்பி வைத்துவிட்டு, கட்டின சேலையோடு காரில் ஏறியிருந்தாள். வரிசை நகர்ந்தது. கடைசியாக ஒரு தரம் தூக்கிக்கொள்ளட்டும் என்று குழந்தையை நீட்டினேன். கையை நீட்டினாள், பாதியில் நிறுத்தினாள், தன் முந்தானையைக் குனிந்து பார்த்தாள்.

"வேண்டாங்கண்ணு. காலைல தாளிச்ச சேல இது."

"அம்மா!" என்று கத்தி, குழந்தையை அவள் கையில் திணித்தேன். வாங்கிக்கொண்டாள். ஆனால் மார்போடு சேர்க்கவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, துணி படாமல், தள்ளியே பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. கை வலிக்கிற வரைக்கும் அவள் அப்படியே நின்றாள்.