ஊருக்கென்று வைத்த பேட்டரி

ஃபஸீலாவிடம் யாரும் நலம் விசாரித்துப் பேச்சைத் தொடங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. முதலில் படம்தான் வரும். பவர் பேங்கின் முதுகைப் படமெடுத்து அனுப்புவார்கள். அதன் கீழே, "லாத்தா, இது கொண்டு போலாமா?"

சாங்கி விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டியை எடைபோட்டு அனுப்பும் கவுன்டர்தான் அவள் வேலை. சொந்தக்காரர்களில் நாகூருக்கோ சென்னைக்கோ போகிற ஒருவர்கூட அவளைக் கேட்காமல் பெட்டி கட்டுவதில்லை. பேட்டரியின் மேல் மில்லியாம்பியர்-மணி என்று போட்டிருக்கும். விமானக் கம்பெனி வாட்-மணியில் கேட்கும். இருபதாயிரம் மில்லியாம்பியர்-மணியை ஆயிரத்தால் வகுத்தால் இருபது ஆம்பியர்-மணி. அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் எழுபத்து நாலு வாட்-மணி. நூறுக்குள் இருந்தால் கைப்பையில் போகலாம். பள்ளிக்கூடத்தில் இன்னும் ஒரு படி கீழே போய், ஓர் ஆம்பியர்-மணி என்றால் மூவாயிரத்து அறுநூறு கூலூம் மின்னூட்டம் என்றும் படித்திருந்தாள். கூலூமை இதுவரை ஒரு மாமியும் கேட்டதில்லை.

முதலில் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்தாள். பிறகு விடையை மட்டும் சொன்னாள். இப்போதெல்லாம் "ஓகே" அல்லது "நோ". இருட்டோடு எழுந்து போய், நின்றே வேலை பார்த்து, வீங்கிய காலோடு ஃபேரர் பார்க் வீட்டுக்குத் திரும்பினால் அதற்குமேல் விரல் நகராது.

வீட்டில் அவளும் வாப்பாவும்தான். வாப்பா நெய்னா முகம்மது செராங்கூன் சாலையில் ஓர் அத்தர் கடையில் ஆயுளில் பாதியைக் கழித்தவர். கடைக்குள் சாம்பிராணிப் புகை, வெளியே வந்தால் சிகரெட் புகை. எழுபது தாண்டியதும் நுரையீரல் கணக்குத் தீர்த்துக்கொண்டது. இப்போது மூக்கில் குழாய், பக்கத்தில் பெருமூச்சு விடுகிற ஒரு சின்ன ஆக்சிஜன் இயந்திரம். வீட்டில் அது பிளக்கில் ஓடும். வாசலைத் தாண்டினால் பேட்டரி.

நாகூரில் வாப்பாவின் தம்பி முகைதீன் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "நானாவ ஒரு தடவ பாத்துட்டா போதும்" என்று போனில் அழுதார். வாப்பா அன்றைக்கே சட்டைகளை மடிக்கத் தொடங்கிவிட்டார். டாக்டரும் சரி என்றார். ஞாயிற்றுக்கிழமை திருச்சிக்கு டிக்கெட்.

விமானக் கம்பெனி ஒன்றுதான் கேட்டது. பறக்கும் நேரத்தைப்போல ஒன்றரை மடங்கு பேட்டரி தாங்க வேண்டும். நாலு மணி நேரப் பயணத்துக்கு ஆறு மணி. ஒரு பேட்டரி 6800 மில்லியாம்பியர்-மணி, அதாவது 6.8 ஆம்பியர்-மணி. இயந்திரம் இழுப்பது 1.7 ஆம்பியர். வகுத்தால் நாலு மணி. இரண்டு பேட்டரிக்கு எட்டு. ஃபஸீலா தனக்கும் ஓர் "ஓகே" சொல்லிக்கொண்டாள்.

அந்த இரண்டாவது பேட்டரி அலமாரியில் இருந்தது. அந்த வீட்டில் நல்லதெல்லாம் ஊருக்கு. உறை பிரிக்காத துவாலை, கோடாலித் தைலம், மைலோ டின், அவற்றுக்கு நடுவே மூன்று வருடத்துக்கு முன் இயந்திரத்தோடு வந்த பேட்டரி. வாப்பா அதை மாதம் தவறாமல் எடுத்து, முழுக்க சார்ஜ் ஏற்றி, துடைத்து, மறுபடி பிளாஸ்டிக் உறைக்குள் வைப்பார். ஒருநாளும் போட்டதில்லை.

புதன்கிழமை தம்பிக்கு அத்தர் வாங்க லிட்டில் இந்தியா போகவேண்டும் என்றார். ஃபஸீலா உறையைப் பிரித்தாள்.

"அது ஊருக்குல்ல?"

"ஊருக்குத்தான் வாப்பா. ஓடுதான்னு பாத்துடலாம்."

பழைய கடைக்குப் போனார்கள். ஒவ்வொரு புட்டியாகத் திறந்து, குழாயை ஒதுக்கி முகர்ந்து பார்த்து, விலை பேசி, சண்டை போட்டு, அத்தர் வாங்கினார். வெளியே வந்து சாலையைக் கடப்பதற்குள் இயந்திரம் கத்தத் தொடங்கியது. எங்கேயோ இடித்துவிட்டது என்றுதான் நினைத்தாள். குனிந்து பார்த்தால் சிவப்பு விளக்கு. கிளம்பி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குள் வாப்பாவை இழுத்துக்கொண்டு நுழைந்தாள். "அண்ணே, பிளக் பாயின்ட்! அவசரம்!" கல்லாவில் இருந்தவர் ஒன்றும் கேட்காமல் மைக்ரோவேவைக் கழற்றி இடம் கொடுத்தார். இயந்திரம் மூச்சுவிட்டது. வாப்பாவின் உதட்டில் நிறம் திரும்பும்வரை அவளுக்கும் மூச்சு வரவில்லை.

"புத்தம் புதுசும்மா அது," என்றார் வாப்பா, மெதுவாக. "ஒரு நாள்கூட போடல."

அவள் மனத்துக்குள் பின்னாலிருந்து கணக்குப் போட்டாள். 1.7 ஆம்பியர், இரண்டு மணி நேரத்துக்குள். மூன்று ஆம்பியர்-மணி தேறினால் அதிகம். முழுக்க ஏற்றி ஏற்றிப் பூட்டி வைத்ததிலேயே பாதி போய்விட்டது. வீட்டுக்கு வந்து, அங்கேயே விட்டுப்போயிருந்த பழைய பேட்டரியையும் ஓட்டிப் பார்த்தாள். அதுவும் இரண்டரை மணி நேரத்தோடு நின்றது.

"லேபிள்ல எவ்ளோ போட்ருக்கு?" என்றார் வாப்பா.

"ஆறாயிரத்து எண்ணூறு."

"கவுன்டர்ல எத பாப்பாங்க?"

"லேபிளத்தான்."

"அப்பறம் என்னா?"

அதுதான் அவளுக்கும் தெரியுமே. உள்ளே என்ன மிச்சம் என்று கவுன்டரில் யாரும் அளப்பதில்லை. அவளே அங்கே நின்றாலும் லேபிளைப் பார்த்துச் சீட்டை ஒட்டி அனுப்பிவிடுவாள். அப்படி எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறாள்.

"எறங்க லேட் ஆச்சுன்னா? மேலேயே மிஷின் நின்னுட்டா?"

"கொஞ்சம் மெதுவா மூச்சு விடுறேன் லா."

சிரிப்பு வரவில்லை. "என்னால முடியாது வாப்பா."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். "பேட்டரி வர்ற வரைக்கும் இருப்பியான்னு முகைதீன்கிட்ட நீயே போன் போட்டு கேளு."

இயந்திரம் விற்ற கம்பெனியில் புதுப் பேட்டரிக்கு இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். ஃபஸீலா போனை வைத்தாள். பிறகு பேட்டரியின் முதுகைப் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டாள். "இதே மாதிரி யார்கிட்டயாச்சும் இருக்கா? ஞாயித்துக்கெழம வேணும்."

அவளிடமிருந்து இரண்டு எழுத்துக்கு மேல் பார்த்திராத குழு திகைத்துப் போனது போலிருந்தது. பிறகு உட்லண்ட்ஸில் இருக்கும் சின்னம்மா மகள் ஹம்னா கேட்டாள்: "யாருக்கு லாத்தா? பெரியவாப்பாவுக்கா? சொல்லவே இல்லயே?" ஃபஸீலா அதற்குப் பதில் எழுதத் தொடங்கி, அழித்துவிட்டாள்.

பிடோக்கிலிருந்து அர்ஃபான் எழுதினான்: "உம்மாவோடது இருக்கு." தூரத்து உறவு. அவன் உம்மா மௌத்தாகி அடக்கம் நடந்தது நோன்புப் பெருநாளுக்குப் பிறகு. ஃபஸீலா போயிருந்தாள், ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று உடனே திரும்பியும் இருந்தாள்.

மறுநாள் மதியம் துணிப்பையோடு வந்தான். இரண்டு பேட்டரி. அதே 6800. "கடைசி வரைக்கும் உம்மா இதத்தான் போட்டிருந்துச்சு. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல."

"கோவிச்சுக்காதே அர்ஃபான். ஓட்டிப் பாத்துத்தான் எடுத்துக்குவேன்."

"ஓட்டுங்க லாத்தா," என்றவன் கிளம்பவில்லை. இயந்திரம் பெருமூச்சு விடத் தொடங்கியதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "இந்த சத்தம் இல்லாம இப்பல்லாம் தூக்கமே வரல."

முதல் பேட்டரி மூன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்கியது. ஆறு ஆம்பியர்-மணி. இரண்டாவதும் அப்படியே என்றால் ஏழு மணி நேரம். அர்ஃபான் போன பிறகும் இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது. தூங்குவதுபோல் படுத்திருந்த வாப்பா கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

"நின்னுடுச்சா?"

"இல்ல."

சற்றுப் பொறுத்து மறுபடியும். "இப்ப?"

"இல்ல வாப்பா. ஓடுது. போலாம்."

போன் ஒளிர்ந்தது. யாரோ ஒரு மாமியின் பவர் பேங்க். பத்தாயிரம். "ஓகே" என்று எழுதப்போனவள் நிறுத்தி, "எத்தன வருஷத்துப் பழசு மாமி?" என்று எழுதினாள்.

"எதுக்கு அது?" என்று உடனே வந்தது. இனி விளக்க வேண்டும். அலுப்பாக இருந்தது. காலை நாற்காலியின் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டாள்.

வாப்பா ஒரு கண்ணைத் திறந்து அந்தக் காலைப் பார்த்தார். "அலமாரில கோடாலித் தைலம் இருக்குல்ல, அதுல ஒண்ண பிரிச்சு தேச்சுக்க."

"அது ஊருக்குல்ல?"

"பிரிம்மா," என்றார்.