மணிக்கட்டில் கட்டிய பெயர்

அந்தத் துணிப்பட்டையின் சிவப்பு மை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. விரலகலப் பட்டை. ‘முத்துலட்சுமி, பென்சிலின் கூடாது’ என்று நானே எழுதி, நானே ஒரு பெண்ணின் மணிக்கட்டில் கட்டினேன்.

அறுபதுகளின் தொடக்கம். சாத்தூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. தீபாவளி சீசன். வெம்பக்கோட்டை அருகே ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து வெடித்து, ஒரே வயதும் உடல்வாகும் கொண்ட இரண்டு பெண்களைக் கொண்டுவந்தார்கள். கட்டுப் போட்டு முடித்தபோது முகமென்று எதுவும் தெரியவில்லை. மூச்சுக்கும் வாய்க்கும் விட்ட இடைவெளி மட்டும். ஒருத்தி முத்துலட்சுமி, மற்றவள் காளியம்மாள் என்றார் உடன்வந்த ஆள். எவள் எவளென்று அவருக்கும் தெரியவில்லை.

முத்துலட்சுமியின் தாய் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். “நர்சம்மா, எம் மகளுக்குப் பென்சிலின் ஊசி ஆகாது. முந்தி ஒருவாட்டி போட்டு மூச்சே நின்னுபோச்சு. மறந்துராதீக.”

நான் மறக்கவில்லை. முதல் கட்டிலருகே நின்று, “முத்துலட்சுமிதானே?” என்று கேட்டேன். “ம்” என்றது கட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். பட்டையைக் கட்டினேன். அடுத்த கட்டிலில் இருந்தவளுக்குப் பென்சிலின் போட்டேன். சில நிமிடங்களில் அவளுக்கு மூச்சு முட்டியது. டாக்டர் ஓடிவருவதற்குள் உயிர் அடங்கிவிட்டது. தீக்காயம்தான் காரணமென்று எல்லோரும் நினைத்தோம். காளியம்மாளின் மாமன் வந்து, கட்டோடே உடலை வாங்கிப்போய் எரித்தார்.

முத்துலட்சுமியின் தாய் முதல் கட்டிலை விட்டு நகரவில்லை. கஞ்சி ஊட்டுவார். புகையில் கரகரத்த குரல் “ஆத்தா” என்னும்போதெல்லாம் “இருக்கேன் தாயி” என்பார். முதல் இரண்டு நாள் “முத்து, முத்து” என்று ஓயாமல் கூப்பிட்டவர், மூன்றாம் நாளிலிருந்து பெயர் சொல்லி அழைக்கவே இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஏழாம் நாள் காலையில் முகக்கட்டைப் பிரித்தேன். வலியை மறக்கட்டுமென்று, “ஒம் பேரென்னம்மா, சொல்லு” என்று பேச்சுக் கொடுத்தேன்.

“காளியம்மா.”

கத்தரி கையில் அப்படியே நின்றுவிட்டது. “அன்னைக்கு முத்துலட்சுமியான்னு கேட்டதுக்கு ஏன் ‘ம்’னு சொன்னே?”

“யாரையோ கூப்பிட்டீக. தண்ணி குடுப்பீகன்னு நெனச்சேன்.”

தாயைப் பார்த்தேன். அவர் முகத்தில் அதிர்ச்சியே இல்லை. “மூணாம் நாளே தெரிஞ்சுபோச்சு” என்றார் மெதுவாக. “ஈரத்துணியால காலத் தொடச்சேன். பெத்தவளுக்குத் தெரியாதா? ஆனா இந்தப் புள்ள எங் கையப் பிடிச்சா விடமாட்டேங்குது. நான் எந்திரிச்சு எங்கன போவேன்?”

நேராகத் தலைமை நர்ஸிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. மறுநாள் எல்லா நர்ஸுகளையும் கூட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் என்னையே சொல்லவைத்தார். பிறகு, “பேர நீங்க சொல்லிக் கேக்காதீங்க. அவங்க வாயால சொல்லவைங்க. பேச முடியாதவங்களுக்கு, சொந்தக்காரங்க பாத்து அடையாளம் சொல்ற வரைக்கும் ஆள் தெரியலைன்னே எழுதுங்க” என்றார். பயிற்சிக்கு வந்த பெண்களுக்கு முப்பது ஆண்டுகள் நானும் இதையே சொல்லிக்கொடுத்தேன். இன்று அது ஆஸ்பத்திரிகளில் சாதாரண வழக்கம். அன்று எங்களுக்கு ஓர் உயிர் போய்த்தான் தெரிந்தது.

அன்றைய கூட்டத்துக்கு அந்தத் தாயும் வந்து பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் கலையும்போது எழுந்து என்னிடம் வந்தார்.

“எம் மகளுக்கு ஊசி போட்டப்ப, அவ ஏதும் சொன்னாளா நர்சம்மா?”

பொய் சொல்லியிருக்கலாம். “உதடு அசைஞ்சதும்மா” என்றேன். “நான் குனிஞ்சு கேக்கல.”

அவர் தலையை ஆட்டினார். காளியம்மாளுக்குக் கஞ்சி ஆறிப்போகும் என்று சொல்லிவிட்டு வார்டுக்குள் போனார்.