விண் கூவிய பொங்கல் லீவு

பேத்திக்குப் பதினோராம் வகுப்புச் சாதாரணதரப் பரீட்சை தொடங்க இருபத்தாறு நாள்தான் இருந்தது. அவளைவிட நான்தான் அதை எண்ணிக்கொண்டிருந்தேன். பொங்கல் லீவில் அவள் பட்டம் கட்டியதே எனக்குப் பிடிக்கவில்லை. அதன் தலையில் விண் என்ற நார் வில்லை வேறு பூட்டியிருந்தாள். காற்றுப் பட்டால் அது ஊருக்கே கேட்கும்படி கூவும்.

அன்று காலையில் தொடங்கிய கூவல் மத்தியானமாகியும் நிற்கவில்லை. அரைநாள் படிப்புப் போய்விட்டதென்று கணக்குப் பார்த்தேன். நூலை அறுத்துவிடுவதென்றே கத்தியோடு தோட்டத்துக்குப் போனேன்.

பட்டத்தின் நூல் தென்னையில் கட்டியிருந்தது. அவள் அந்த மரத்தின் கீழே இருந்து பழைய வினாத்தாள் ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள்.

“அது தன்ரை பாட்டிலை பறக்குது அப்பப்பா. நான் என்ரை பாட்டிலை படிக்கிறன்,” என்றவள் என் கையைப் பார்த்தாள். “கத்தி என்னத்துக்கு?”

“இளநீர் வெட்ட.”

“ஓமோம். ஆர் ஏறிப் பிடுங்கிறது? நீங்களோ?”

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

அந்த லீவு முடியும்வரை விண் கூவினால் எனக்கு நிம்மதி. அது நின்றால்தான், பட்டம் விழுந்து பிள்ளை படிப்பை விட்டு எழும்பிவிட்டாளோ என்று எட்டிப் பார்ப்பேன்.