திரும்பிப் போகிற மாடுகளுக்கு ஒரு பேப்பர்

என் மகள் கால்நடை மருத்துவர். யாராவது விசாரித்தால் அதுவரைதான் சொல்வேன். எங்கே வேலை என்று அடுத்த கேள்வி வந்தால் எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனி என்பேன். அது பொய் இல்லை. அந்தக் கம்பெனியில் மாடு அறுக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவேன்.

இத்தனைக்கும் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மாட்டுக்கறிதான். வியாசர்பாடி வாரியக் குடியிருப்பில் வளர்ந்தவன் நான். இப்போது தண்டையார்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறோம். கறிப் பையைத் தெருவில் தூக்கிக்கொண்டு நடக்க எனக்கு வெட்கமில்லை. மகளின் வேலையைச் சொல்லத்தான் பயம். எங்கோ ஒரு நெடுஞ்சாலையில் மாட்டு லாரியை மறித்து, டிரைவரைக் கீழே இழுத்துப்போட்டு அடிக்கும் வீடியோ அடிக்கடி போனில் வரும். பாதியிலேயே நிறுத்திவிடுவேன். மீதிப் பாதி படுத்த பிறகு தானாக ஓடும்.

"திங்கறப்ப பயம் இல்ல, இப்ப இன்னா புதுசா?" என்பாள் என் மனைவி.

மகள் சேர்ந்தபோது அங்கே ஒரே ஒரு கூடம்தான் இருந்தது. பெரும்பாலான லாரிகள் இங்கே நிற்காது. ஆந்திரப் பக்கத்துச் சந்தைகளில் ஏற்றிய மாடுகள் அப்படியே வேறு மாநிலத்துக்குப் போய்விடும். பிறகு உயிரோடு வெளியே அனுப்புவதற்குக் கட்டுப்பாடு மேல் கட்டுப்பாடு வந்தது. சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள், பேப்பர் கேட்டார்கள். பேப்பர் இருந்தால் வேறு பேப்பர் கேட்டார்கள். மாடாகப் போக முடியாவிட்டால் கறியாகப் போகட்டும் என்று அந்தக் கம்பெனி முடிவு செய்தது. ஒரு கூடம் மூன்றானது. உரித்த உடல்களை நகர்த்த மேலே இரும்புத் தண்டவாளம் வந்தது, பெரிய குளிர் அறை வந்தது, காலை ஷிப்ட் இரண்டானது. மாடுகள் காத்து நிற்கும் கொட்டகை மட்டும் பழையதுதான். டாக்டரும் ஒருத்திதான்.

அறுப்புக்கு முன்னால் ஒவ்வொரு மாட்டையும் அவள் பார்க்க வேண்டும். வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயது சொல்ல வேண்டும். வயிற்றில் கன்று இருக்கிறதா என்று, தோள்வரை உறை மாட்டிய கையை உள்ளே விட்டுச் சோதிக்க வேண்டும். சரி என்றால் முதுகில் பச்சைப் பெயின்ட். இளசோ சினையோ என்றால் சிவப்பு. கடைசியில் மொத்தத்துக்கும் அவள் கையெழுத்து. அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு கத்தியும் எடுக்கக் கூடாது.

நான் துறைமுகத்துச் சரக்குகளுக்குப் பேப்பர் தயார் செய்யும் ஆபீசில் கிளார்க். இருபத்தேழு வருஷ சர்வீஸில் பெட்டியைத் திறந்து சரக்கைப் பார்த்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பேப்பர் சரியாக இருந்தால் சரக்கும் சரி. எங்கள் தொழில் அப்படித்தான் நடக்கிறது. அந்தப் பழக்கத்தில் ஒருநாள் சாப்பிடும்போது அவளிடம் சொன்னேன்.

"அத்தினியையும் ஒண்ணொண்ணா பாக்கணுமா? நாலு பாத்துட்டு மீதிக்குப் போட்டுட்டுப் போவியா!"

"பொட்டி செனையா இருக்காது நைனா" என்றாள், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

மழைக்காலத்தில் ஒரு காலை அவள் ஸ்கூட்டர் கிளம்பவில்லை. நான் என் பைக்கில் கொண்டுபோய் விட்டேன். கேட்டுக்கு வெளியே லாரிகள் வரிசையாக நின்றன. அவள் உள்ளே போனாள். மதியச் சாப்பாட்டுப் பை என் வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்ததைப் பத்து நிமிஷம் கழித்து வழியில்தான் பார்த்தேன், வண்டியைத் திருப்பினேன். காவலாளி எங்கோ போயிருந்தார். நானே உள்ளே நடந்தேன்.

கொட்டகையில் கூட்டமாக இருந்தது. நடுவில் ரப்பர் பூட்ஸும் பச்சை மழைக்கோட்டுமாக என் மகள். அவளுக்குப் பின்னால் முதுகில் சிவப்புப் பெயின்ட் அடித்த ஆறு மாடுகள். எதிரே ஒரு டிரைவர். என் வயது இருக்கும், தூங்காத கண்.

"ஆறையும் செனைன்னா நான் இன்னா பண்றது? திருப்பி இட்டுகினு போவ சொல்றியே, ரோட்டுல மறிச்சு அடிப்பானுங்கோ. நீ வந்து நிப்பியா?"

"சினை மாட்டுக்கு நான் கையெழுத்துப் போட முடியாதுங்க."

"கொட்டாய்லயாவது கட்டி வெச்சுக்க."

"இடமில்லை. சூப்பர்வைசர் கிட்டயும் கேட்டாச்சு."

லோடு இறக்கும் ஆட்கள் சுற்றி நின்றார்கள். அவர்களுக்கும் வேலை நின்று போயிருந்தது. ஒருவர் சொன்னார்: "டாக்டரம்மா பல்ல எண்ணுது, நடக்க வுட்டுப் பாக்குது. மாடு அறுக்குறதுக்கா, மருமவளா இட்டுகினு போறதுக்கா?" சிரிப்பு எழுந்தது. மகளும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. அப்போது பின்னாலிருந்து யாரோ கழியால் இரும்புத் தடுப்பில் ஓங்கி அடித்தார்கள். மாடுகள் மிரண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறின. ஒன்று தடுப்பைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தது. கூட்டம் நெட்டியதில் அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். டிரைவரின் கை அவள் முகத்துக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது. போனில் நான் பாதியில் நிறுத்திய வீடியோக்கள் எல்லாம் ஒன்றாக ஓடின.

"போட்டுத் தொலையேம்மா! கையெழுத்துதானே!"

கத்தியது நான்தான். அவ்வளவு சத்தம் எனக்குள் இருப்பதே எனக்குத் தெரியாது. எல்லோரும் திரும்பினார்கள். டிரைவர் சந்தோஷமாகக் கையை நீட்டி என்னைக் காட்டினார். "பாத்தியா? யாரோ ஒரு சாரு, அவருக்கே தெரியுது நாயம்!"

மகள் என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபமில்லை. தெரியாத ஆளைப் பார்க்கும் பார்வை.

"சார், நீங்க வெளியில நில்லுங்க. இங்க வேலை நடக்குது" என்றாள்.

நான் இவள் அப்பா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாப்பாட்டுப் பையை ஒரு தூணோரம் வைத்துவிட்டு வெளியே வந்தேன். எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். பயத்தில் கத்தினேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவளைச் சூழ்ந்து நின்றவர்களில் அவளை விட்டுக்கொடுத்தது நான் ஒருவன்தான் என்பதும் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் அந்த டிரைவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஆள். கோபம் இறங்கிவிட்டிருந்தது.

"அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல சார். சட்டம் பேசுது. ஆனா நான் எதக் காட்டிட்டுப் போவேன்? அறுக்க இட்டுகினு வந்த பேப்பர்தான் கீது. திருப்பி இட்டுகினு போறதுக்குப் பேப்பர் ஏது?"

பேப்பர் என்றதும் என் கை தானாக ஆபீஸ் பைக்குள் போனது. வெள்ளைத்தாள் எடுத்து, டீக்கடைப் பலகையில் வைத்து எழுதினேன். மேற்படி லாரியில் வந்த மேற்படி ஆறு பசுக்கள் மருத்துவப் பரிசோதனையில் சினை எனத் தெரிந்ததால் அறுப்புக்கு அனுமதி மறுக்கப்பட்டு, வளர்ப்புக்காகத் திருப்பி அனுப்பப்படுகின்றன, அனைத்தும் ஆரோக்கியமானவை. கீழே கையெழுத்துக்கு இடம்.

"சார் வக்கீலா?"

"கிளார்க்கு. உள்ள போய் டாக்டர்கிட்ட குடுங்க. போட்டுக் குடுப்பாங்க."

போட்டுக் கொடுத்தாள். ஆறு மாடுகளும் லாரியில் ஏறின. டிரைவர் போகிறபோது எனக்கு ஒரு கும்பிடு போட்டார்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி இருந்தேன்.

"மேற்படி மேற்படின்னு எய்தியிருந்துச்சு. நீதான்னு தெரிஞ்சுது" என்றாள். "ஆரோக்கியமானவைன்னு நீ எங்க பாத்த? ஒண்ணுக்கு முன்னங்கால்ல காயம். அத அடிச்சுட்டு எய்தினேன்."

அவ்வளவுதான். நான் கத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டிருந்தால் தேவலை. ஸ்கூட்டரைச் சரிசெய்ய ஆள் வராததால் அடுத்த சில வாரங்களும் நான்தான் கொண்டுபோய் விட்டேன். கேட்டுக்கு முன்னால் ஒரு எடை மேடை இருக்கிறது. தினமும் அங்கேயே, "இங்க நிறுத்து நைனா" என்பாள். அதற்கப்பால் நடந்துதான் போவாள். பச்சைக் கோட்டு உள்ளே மறையும்வரை நிற்பேன்.

அப்படி ஒருநாள் அவளை இறக்கிவிட்டு, டீக்கடையில் ஒதுங்கினேன். "சாரே!" என்று ஒரு குரல். அதே டிரைவர். இந்தத் தடவை முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்க எய்திக் குடுத்தது தெய்வம் சார். போறப்ப ரெண்டு எடத்துல நிறுத்தினானுங்கோ. காட்டினேன். படிச்சானுங்கோ. டாக்டர் கையெய்த்தப் பாத்ததும் வுட்டுட்டானுங்கோ. ஆறுல ஒண்ணு மறுநா காலைல கன்னு போட்டுச்சு."

அவருக்கும் சேர்த்து டீ சொன்னேன். அவர் சட்டைப் பையைத் திறந்தார்.

"இதோ, பத்திரமா வெச்சுகினு கீறேன்."

அந்தத் தாள். நாலு ஓரமும் ஒட்டி, வழவழவென்று லேமினேஷன் போட்டிருந்தார். ரேஷன் கார்டையும் ஆதாரையும் போட்டு வைக்கிற மாதிரி.

"அதுலேர்ந்து ஒரு பேஜாரும் இல்ல. எந்த செக்போஸ்ட்டா இருந்தாலும் இத நீட்டுவேன், கையெய்த்த மட்டுந்தான் பாக்குறானுங்கோ. இன்னிக்கும் அப்டிதான் வந்தேன்."

எனக்குப் புரியச் சில விநாடிகள் பிடித்தன. ஆறு மாட்டுக்கு எழுதிய பேப்பர். ஒரே ஒரு தடவை திரும்பிப் போவதற்கு எழுதியது. அதை வைத்துக்கொண்டு மனிதர் எத்தனை நடை எத்தனை மாட்டை ஓட்டியிருக்கிறாரோ! எல்லாவற்றுக்கும் என் மகளின் கையெழுத்து. திருட்டு மாடு ஒன்று அதில் ஏறியிருந்தால் தேடி வருவது அவளைத்தான். பார்க்காத மாட்டுக்குக் கையெழுத்துப் போடு என்று அன்று சாப்பிடும்போது சொன்னவன் நான். அவள் மறுத்தாள். கடைசியில் நான் சொன்னதுதான் நடந்துகொண்டிருந்தது, அவளுக்கே தெரியாமல்.

"அத எங்கிட்ட குடுங்க" என்றேன்.

"ஐயோ சார், இது இல்லாம நான் ரோட்டுல போவ முடியாது."

அவரிடம் கோபப்படத் தோன்றவில்லை. நானும் பயந்தவன்தான். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தேன். இன்று காவலாளி இருந்தார். "யாரு சார் நீங்க?" என்றார்.

"டாக்டரோட நைனா."

டிரைவர் நின்றுவிட்டார். "இன்னாது?"

கொட்டகையில் அவள் ஒரு மாட்டின் பின்னால், தோள்வரை உறை மாட்டி நின்றாள். அதே லோடு ஆட்கள். டிரைவரே எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "அன்னிக்குப் போட்டுத் தொலைன்னு கத்தினாரே, அவுரு இதோட நைனாவாம்பா!" கொட்டகையே சிரித்தது. மருமகள் ஜோக் அடித்தவர் தூணில் சாய்ந்து சிரித்தார். நான் அந்தச் சிரிப்புக்கு நடுவில் நின்றேன். வேறு எங்கே போவது?

அவள் சிரிக்கவில்லை. உறையைக் கழற்றிப்போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து தாளை வாங்கினாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல ஆறு மாடுன்னு இருக்கு. உங்க லாரியில இன்னிக்கு எத்தனை?"

"பதினெட்டும்மா."

"அப்ப இது எந்த மாட்டோட பேப்பர்?"

டிரைவர் என்னைப் பார்த்தார். அவள் தாளைக் கிழிக்கப் பார்த்தாள், லேமினேஷன் கிழியவில்லை. மேஜையிலிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்து, தன் கையெழுத்துக்குக் குறுக்கே வெட்டினாள். டிரைவர் ஐயோ என்று தலையில் கை வைத்தார்.

"ஒவ்வொரு நடைக்கும் வாங்க. மாட்டைப் பாத்துட்டு, திரும்பிப் போறதுக்கு நானே எழுதித் தர்றேன். கூலிக்கு உழைக்கிற உங்கள அடிக்க விட மாட்டேன். அதுக்காக நான் ஜெயிலுக்கும் போவ மாட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ கெளம்பு நைனா. ஆபீசுக்கு லேட்டாவுது."

எல்லோருக்கும் முன்னால்தான் நைனா என்றாள்.

அதிலிருந்து திருப்பி அனுப்பும் ஒவ்வொரு லாரிக்கும் அவளே உட்கார்ந்து எழுதுகிறாள். மற்ற டிரைவர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது, கேட்டு வாங்குகிறார்கள். மூன்று கூடத்துக்கும் பார்த்து முடித்த பிறகு இதுவும். சாப்பாட்டுப் பை பாதி நாள் திறக்காமலே வீட்டுக்கு வருகிறது. இன்னொரு டாக்டர் வருவார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எழுதி எழுதி அவள் கை வலிப்பதற்கு ஏதாவது செய்யலாம் என்று என் ஆபீசில் ஒரு மாதிரிப் படிவம் அடித்தேன். எண்ணிக்கைக்கும் தேதிக்கும் மட்டும் கோடு விட்டு, நூறு பிரதி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலாக இருந்ததை மட்டும் படித்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது. ஆனா வேணாம் நைனா. வெறும் கோடு இருந்தா எவனாச்சும் ரொப்பிக்குவான். அந்தக் கால்ல காயம்னு எய்த எடம் எங்க இதுல?"

நூறு தாளும் அலமாரியில் கிடக்கின்றன. பின்பக்கத்தில் என் மனைவி மளிகைச் சாமான் எழுதுகிறாள். இப்போதெல்லாம் மதியம் இரண்டு மணிக்கு, கடைசி லாரி கேட்டைத் தாண்டியதும் ஒரு போன் செய்வாள் மகள். "முடிஞ்சுது நைனா" என்று இரண்டு வார்த்தைதான். இரண்டேகால்வரை வராவிட்டால் ஆபீசில் என் எதிரே இருக்கும் பேப்பரில் ஒரு எழுத்தும் எனக்குத் தெரிவதில்லை.